கண்ணாடித் தரையில் கால் வைக்கும் முன்: கிராண்ட் கேன்யன் ஸ்கைவாக் பற்றி வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகத் தயாராகும் வாசகர்களிடமிருந்து, அரிசோனாவில் பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி நடைபாதை பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பலர் கேட்ட ஒரே சந்தேகத்தை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: மகளிடம் அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்கான வருடாந்தர பாஸ் இருக்கிறது. அதைக் காட்டி ஸ்கைவாக்கில் நுழையலாம்தானே?

ப: நுழைய முடியாது. ஸ்கைவாக் தேசியப் பூங்காவுக்குள் இல்லை. அது இருக்கும் இடத்தின் பெயர் கிராண்ட் கேன்யன் வெஸ்ட். வாலபாய் என்ற பூர்வகுடி மக்களுக்கு 1883-இல் ஒதுக்கப்பட்ட நிலம். சுமார் பத்து லட்சம் ஏக்கர், கொலராடோ ஆற்றோரமாக 108 மைல். அங்கே சட்டதிட்டமும் அவர்களுடையது, கட்டணமும் அவர்களுடையது. பூங்கா பாஸ், மூத்த குடிமக்கள் பாஸ் எதுவும் செல்லாது.

சீட்டு இரண்டு அடுக்காக இருக்கும். முதலாவது பொது நுழைவு. காட்சி முனைகளைப் பார்ப்பதும் அங்கே ஓடும் பேருந்தில் ஏறி இறங்குவதும் இதில் அடக்கம். இரண்டாவது, கண்ணாடிமேல் நடப்பதற்கான கூடுதல் கட்டணம். பொது நுழைவு இல்லாமல் ஸ்கைவாக் மட்டும் என்று வாங்க முடியாது. இணையத்தில் வாங்கும்போது இடையில் நிற்கும் ஏஜென்சிகளின் பக்கங்கள் முதலில் வரும். கிராண்ட் கேன்யன் வெஸ்டின் சொந்தப் பக்கத்தில் அன்றைய விலையைப் பார்த்துவிட்டு மற்றதோடு ஒப்பிடுங்கள்.

கே: லாஸ் வேகஸிலிருந்து நாங்களே கார் ஓட்டிப் போகலாம் என்றிருக்கிறோம். வழி எப்படி? மண் சாலை என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார்.

ப: நண்பர் சொல்வது பழைய கதை. கடைசிப் பகுதியான டயமண்ட் பார் சாலை 2014 வரை மண்ணும் சரளையுமாகத்தான் கிடந்தது. இப்போது முழுக்கத் தார் போட்டாகிவிட்டது. சாதாரண சின்னக் காரே போதும்.

வேகஸிலிருந்து நெடுஞ்சாலை 93-இல் தெற்கே போங்கள். ஹூவர் அணைக்குப் பக்கத்தில் 2010-இல் திறந்த உயரமான பாலத்தைக் கடந்தால் அரிசோனா. அங்கிருந்து மைல் கற்களைக் கவனித்துக்கொண்டே போனால், 42-ஐ ஒட்டி இடது பக்கம் பியர்ஸ் ஃபெர்ரி சாலை பிரியும். அதில் 28 மைல். பிறகு வலது பக்கம் டயமண்ட் பார் சாலையில் 21 மைல். மொத்தம் சுமார் 125 மைல், அதாவது 200 கி.மீ. நிற்காமல் போனால் இரண்டேகால் மணி நேரம் ஆகும். அணையில் இறங்கிப் பார்க்கும் ஆசை இருந்தால் அதற்குத் தனியாக நேரம் வையுங்கள்.

இரண்டு இடத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று பெட்ரோல். போக வர 250 மைல். 93-ஐ விட்டுத் திரும்பிய பிறகு டோலன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரைத் தாண்டிவிட்டால் பங்க் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஹூவர் அணைக்கு முன்னால் வரும் போல்டர் சிட்டி ஊரிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். இன்னொன்று ஜி.பி.எஸ். வாலபாய் தலைநகரம் பீச் ஸ்பிரிங்ஸ். அது பழைய ரூட் 66 சாலையில், ஸ்கைவாக்கிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. "வாலபாய்" என்று மட்டும் தட்டினால் வரைபடம் அங்கே கொண்டுபோய் விடலாம். அங்கிருந்து ஸ்கைவாக்குக்குக் குறுக்கு வழி போலத் தெரியும் பக் அண்ட் டோ சாலை வெறும் மண் பாதை. மழை பெய்தால் சக்கரம் புதையும். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் மண் சாலையில் ஏற்பட்ட சேதத்துக்குக் காப்பீடு கிடையாது. அதனால் சேருமிடம் "கிராண்ட் கேன்யன் வெஸ்ட்" என்றே இருக்கட்டும். கைப்பேசி சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும் என்பதால் வரைபடத்தை முந்தின இரவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பியர்ஸ் ஃபெர்ரி சாலையின் இருபுறமும் ஜோஷுவா மரக்காடு. பார்க்க அழகு. ஆனால் வேலியில்லாத மேய்ச்சல் நிலம் என்பதால் மாடு குறுக்கே வரும், இருட்டினால் தெரியாது. வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி 93-ஐ எட்டிவிடும்படி திட்டமிடுங்கள்.

கே: டிசம்பரில் போகிறோம். காலை 8 மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்கெல்லாம் சேர்ந்துவிடலாமா?

ப: வேகஸ் கடிகாரப்படி சேர்ந்துவிடலாம். ஆனால் அங்கே மணி பதினொன்றரை ஆகியிருக்கும்.

அரிசோனாவில் பெரும்பகுதி கோடைகால நேர மாற்றத்தைக் கடைப்பிடிப்பதில்லை, நெவாடா கடைப்பிடிக்கிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை இரண்டு மாநிலத்திலும் ஒரே நேரம். மற்ற மாதங்களில் அரிசோனா ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். டிசம்பரில் பகலும் சின்னது என்பதால் அந்த ஒரு மணி நேரம் உறைக்கும். ஆறரைக்குக் கிளம்புங்கள். திரும்பும்போது அந்த மணி நேரம் கைக்குத் திரும்பி வந்துவிடும். இரவு விமானம் பிடிக்கிறவர்களுக்கு அது வசதி.

கே: 4,000 அடி உயரத்தில் அந்தரத்தில் நிற்கலாம் என்று விளம்பரம் சொல்கிறது. நிஜமாகவே காலுக்குக் கீழே 4,000 அடியா?

ப: இல்லை. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். அமெரிக்க நில அளவை வரைபடத்தின்படி ஸ்கைவாக் இருக்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து 4,770 அடி. கொலராடோ ஆறு 1,160 அடி. கழித்தால் சுமார் 3,600 அடி வருகிறது. ஆனால் ஆறு உங்கள் காலுக்கு நேர்கீழே ஓடவில்லை. ஸ்கைவாக் நீட்டிக்கொண்டிருப்பது ஒரு பக்கப் பள்ளத்தாக்கின் மேல். ஆறு எட்டத்தில் தெரியும். கண்ணாடி வழியே நேராகக் கீழே பார்த்தால் தரை 500 முதல் 800 அடிக்குள் வந்துவிடும்.

அதைக் கேட்டு ஏமாற்றமடைய வேண்டாம். 500 அடி என்பதே ஐம்பது மாடிக் கட்டடத்தின் உச்சி. அந்த ஆழத்தைக் கண் அளந்து பார்க்க முடிவதால்தான் வயிற்றைப் பிசைகிறது.

கே: "எழுபது ஜம்போ ஜெட் விமானங்களின் எடையைத் தாங்கும்" என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? கண்ணாடி உடைந்தால் என்ன ஆகும்?

ப: விமானக் கணக்கை நம்பாதீர்கள். ஆளுக்கு 200 பவுண்டு வீதம் 822 பேரைத் தாங்கும் என்பதுதான் பரவலாகத் தரப்படும் கணக்கு. பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 75 டன். முழுச் சுமையோடு ஒரு ஜம்போ ஜெட் 400 டன்னை நெருங்கும். அப்படியென்றால் ஒரு விமானத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. எழுபதாவது, எண்பதாவது! ஆனால் ஒரே சமயத்தில் 120 பேரைத்தான் மேலே விடுகிறார்கள். தாங்கக்கூடியதில் ஏழில் ஒரு பங்கு. பயப்படுகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் இதுதான்.

அமைப்பு இப்படி: குதிரை லாட வடிவத்தில் வளைந்த இரண்டு எஃகுப் பெட்டித் தூலங்கள். இரண்டுக்கும் நடுவில் கண்ணாடிப் பலகைகள். அகலம் சுமார் 10 அடி. பாறை விளிம்பிலிருந்து 70 அடி வெளியே நீள்கிறது. முன்பக்கம் தூணே கிடையாது. பின்பக்கம் சுண்ணாம்புப் பாறைக்குள் 46 அடி ஆழத்துக்கு இறக்கிய எஃகுக் கம்பிகள்தான் மொத்தத்தையும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. கரையிலேயே கட்டி, 2007 மார்ச் 7-இல் விளிம்புக்கு வெளியே உருட்டித் தள்ளினார்கள். அந்த மாதம் 20-ஆம் தேதி நடந்த விழாவில் நிலவில் நடந்த பஸ் ஆல்ட்ரின் முதல் ஆட்களில் ஒருவராக அதன்மேல் நடந்தார். 28-ஆம் தேதி பொதுமக்களுக்குத் திறந்தது. நடக்கும்போது லேசான அதிர்வு காலில் தெரிந்தால் அது கோளாறு அல்ல. இவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கும் எஃகு கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டம் பெருகாமல் அடக்க உள்ளேயே எடைத் தகடுகள் வைத்திருக்கிறார்கள்.

கண்ணாடிக்கு வருவோம். அது ஒரே கனத்த பலகை அல்ல. பல கண்ணாடித் தகடுகள், நடுவில் வலுவான பாலிமர்ப் படலம் வைத்து ஒட்டியவை. மேல் தகடு விரிசல் விட்டாலும் துண்டுகள் படலத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். கீழ்த் தகடுகள் எடையைத் தாங்கும். இதே முறையில் செய்த சீனாவின் ஜாங்ஜியாஜீ பாலத்தைத் திறப்பதற்கு முன் 2016-இல் சம்மட்டியால் அடித்துக் காட்டினார்கள். மேல் தகடு நொறுங்கியது, கீழே இருந்தவை அசையவில்லை. பிறகு அதன்மேல் ஆட்களோடு காரையும் ஓட்டினார்கள். அரிசோனாவில் போட்டிருப்பது இரும்புச்சத்து குறைந்த கண்ணாடி. ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தைக் குறுக்காகப் பார்த்தால் பச்சையாகத் தெரியுமே, அந்தப் பச்சைக்குக் காரணம் இரும்பு. அதைக் குறைத்துவிட்டால் இத்தனை கனத்திலும் கீழே உள்ள பாறையின் செம்மண் நிறம் மாறாமல் தெரியும்.

கே: உள்ளே கைப்பேசி கொண்டுபோக விடமாட்டார்களாமே! அப்புறம் எதற்கு இவ்வளவு தூரம் போவது?

ப: நியாயமான கோபம். கேமரா, கைப்பேசி, பை எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்துவந்த விதி. போகும் நாளில் நுழைவாயிலில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம். லாக்கரில் வைக்க வேண்டியிருக்கும் என்ற நினைப்போடு போங்கள். உள்ளே அவர்களுடைய படக்காரர் எடுத்துத் தருவார், விலைக்கு. அந்த வியாபாரத்துக்காகத்தான் இந்தத் தடை என்று பயணிகள் முணுமுணுப்பதுண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனாலும் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. கண்ணாடியின் வலிமை அதன் மேற்பரப்பைப் பொறுத்தது. ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் அழுத்தம் முழுக்க அந்தக் கீறலின் முனையில் போய்க் குவியும். சாவிக்கொத்தோ கைப்பேசியோ விழுந்தால் முதல் சேதம் அங்கேதான். செருப்புக்கு மேல் துணி உறை மாட்டச் சொல்வதும் இதற்காகவே: அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் மணல் கண்ணாடியை உரசக் கூடாது.

காசு செலவழிக்காமல் படம் வேண்டுமென்றால், ஸ்கைவாக் இருக்கும் ஈகிள் பாயின்டிலேயே கரையோரமாகச் சற்று ஒதுங்கி நின்று பாருங்கள். லாட வடிவம் முழுக்க வானத்தில் நீட்டிக்கொண்டிருப்பது அங்கிருந்துதான் தெரியும். வீட்டுக்காரர் மேலே நடக்க, நீங்கள் கரையிலிருந்து எடுக்க, ஒரு டிக்கெட் மிச்சம்.

கே: எனக்கு மொட்டை மாடியில் நின்றாலே தலை சுற்றும். மருமகள் விடமாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?

ப: நாம் நேராக நிற்பதற்கு உள்காது, பாதம், கண் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். உடல் எப்போதுமே சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். பக்கத்தில் சுவரோ தரையோ இருந்தால் அது நகர்வதுபோல் கண்ணுக்குத் தெரிந்து மூளை உடனே திருத்திக்கொள்ளும். பார்க்கும் பொருள் 500 அடிக்கு அப்பால் இருந்தால் அந்த நகர்வு தெரியாது. கண் கைவிட்டுவிடுவதால் உடல் இன்னும் அதிகமாக ஆடும், அதுதான் தலைசுற்றல். ஆகவே இதற்கு மனத்தைத் தேற்றிக்கொள்வதைவிட, கண்ணுக்குப் பக்கத்தில் ஏதாவது கொடுப்பதே வைத்தியம்.

கைப்பிடிக் கம்பியை ஒட்டியே நடங்கள். அந்த இடத்தில் அடியில் எஃகுத் தூலம் ஓடுவதால் கீழே பார்த்தாலும் பள்ளம் தெரியாது. கம்பியைக் கையால் தொட்டுக்கொண்டே இருங்கள். விரல் நுனி படுவதே சமநிலைக்கு உதவும். பார்வையை உங்கள் கையிலும் எதிர்ப்பக்கத் தடுப்பிலும் மாற்றி மாற்றி வையுங்கள். வளைவின் நடுப்பகுதிக்கு வந்ததும் நின்று, மூச்சைச் சீராக்கி, பிறகு மட்டும் ஒருமுறை குனிந்து பாருங்கள். தலையைத் திடீரென்று குனிவதும் நிமிர்வதும் வேண்டாம். உள்காதுக் கோளாறு இருக்கிறவர்களுக்கு அதுவே சுற்றும். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள்.

ஏற்கெனவே தலைசுற்றலுக்கு (வெர்டிகோ) மருந்து சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் மருமகளுக்காக ஏற வேண்டாம்.

கே: அம்மா புடவைதான் கட்டுவார். சிரமமா?

ப: நடப்பதில் சிரமமில்லை. சமதளம், படி ஏறி இறங்க வேண்டியதில்லை. காற்றுதான் தொல்லை. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் சுவரோரமாகக் காற்று மேல்நோக்கி வீசும். முந்தானையை இடுப்பில் செருகி, ஊக்கு குத்தி, மேலே ஒரு கோட்டு போட்டுவிடுங்கள். துப்பட்டாவுக்கும் இதேதான். தொப்பிக்குத் தாடைக் கயிறு வேண்டும். குதிகால் உயர்ந்த செருப்புக்கு உறை சரியாக மாட்டாது. தட்டையான ஷூ நல்லது.

கே: எந்த மாதம் போகலாம்? மூடிவிட்டார்கள் என்று திரும்பி வர நேருமா?

ப: மார்ச் கடைசி முதல் மே வரை, இல்லையென்றால் அக்டோபர். தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி உயரம் என்பதால் கோடையில் ஓரளவு குளிர்ச்சி. ஸ்கைவாக் அதைவிட 2,000 அடிக்கு மேல் தாழ்வு, வெயில் கடுமை. ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடி மழை வரும். பாறை நுனியிலிருந்து வெளியே நீண்டிருக்கும் எஃகின்மேல் மின்னல் நேரத்தில் ஆளை நிறுத்தி வைக்க மாட்டார்கள். பலத்த காற்றானாலும் மூடுவார்கள். சீனாவில் பியான் மலையிலுள்ள ஒரு கண்ணாடிப் பாலத்தில் 2021 மே மாதம் புயல்காற்று கண்ணாடிப் பலகைகளையே பிய்த்து எறிந்து, ஒருவர் நடுப்பாலத்தில் தொங்கிக்கொண்டு நிற்க நேர்ந்தது. ஆகவே மூடினால் திட்டாதீர்கள். மழைக்காலத்தில் போகிறவர்கள் முதல் வேலையாகக் காலையிலேயே ஸ்கைவாக்கை முடித்துக்கொண்டு, மற்ற இடங்களைப் பிறகு பார்க்கலாம்.

வெயில் காலத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் காரில் இருக்க வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே தேர்வு குறைவு. காரை நிறுத்திய இடத்திலேயே கட்டுச்சோற்றை முடித்துவிட்டுப் பேருந்தில் ஏறுவது உத்தமம்.

கே: ஸ்கைவாக்கைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது? சின்னக் குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

ப: நுழைவு முனையத்தில் காரை விட்டுவிட வேண்டும், அதற்கப்பால் அவர்களுடைய பேருந்துதான். ஸ்கைவாக்கில் நடக்க அரை மணி நேரம் தாராளம். ஆனால் மொத்தம் மூன்று, நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் காட்சி என்று பார்த்தால் அடுத்த நிறுத்தமான குவானோ பாயின்ட்தான் ஒரு படி மேல். மூன்று பக்கமும் பள்ளத்தாக்கு, ஆறும் நன்றாகத் தெரியும். 1950-களில் எதிர்க்கரைக் குகையிலிருந்து வௌவால் எச்சத்தை உரத்துக்காக வெட்டிக் கம்பிவடத்தில் இழுத்து வந்தார்கள். அந்தக் கோபுரத்தின் துருப்பிடித்த எலும்புக்கூடு இன்னும் நிற்கிறது. ஈகிள் பாயின்டில் இறக்கை விரித்த கழுகு போன்ற பாறையும், பல பூர்வகுடிகளின் வீட்டு மாதிரிகளும் உண்டு.

குழந்தைகள் விஷயத்தில் கண்டிப்பாக ஒன்று. ஸ்கைவாக்கில் தடுப்பு இருக்கிறது. கரையில் பெரும்பாலான இடங்களில் வேலியே இல்லை. பாறை முடிந்தால் பள்ளம். 2019 மார்ச்சில் ஈகிள் பாயின்டில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பயணி தடுமாறி விழுந்து இறந்தார். கண்ணாடிமேல் பயந்து பயந்து நடந்தவர்கள் கரைக்கு வந்ததும் அலட்சியமாக விளிம்பில் உட்கார்ந்து படம் எடுப்பார்கள். ஆபத்து அங்கேதான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவர் தனியாக வேண்டும். பின்னோக்கி நடந்தபடி யாரும் படம் எடுக்கக் கூடாது.

கே: காலையில் ஸ்கைவாக், மாலையில் தெற்கு விளிம்பு என்று ஒரே நாளில் முடிக்கலாமா?

ப: வரைபடத்தில் இரண்டும் ஒரே பள்ளத்தாக்குதான். சாலை வழியே சுமார் 240 மைல், நாலு மணி நேரத்துக்கு மேல். போய்ச் சேரும்போது சூரியன் இறங்கியிருக்கும். இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால், நடுவில் கிங்மன் ஊரில் இரவு தங்கிப் போகலாம். இரண்டில் ஒன்றுதான் என்றால் எங்கள் வாக்கு தெற்கு விளிம்புக்கு. அங்கே பள்ளம் ஒரு மைல் ஆழம், எதிர்க்கரை பத்து மைல் தள்ளி. படங்களில் பார்த்த கிராண்ட் கேன்யன் அதுதான். மேற்கில் அது குறுகல். வேகஸில் ஒரே ஒரு நாள் கிடைக்கிறவர்களுக்கும் கண்ணாடிமேல் நடந்தே தீர வேண்டும் என்பவர்களுக்கும் ஸ்கைவாக் சரி.

கே: ஹெலிகாப்டரில் அடிவாரம் வரை இறக்குவார்களாமே?

ப: ஆமாம், அது மேற்கில் மட்டும். தேசியப் பூங்காவுக்குள் சுற்றுலா ஹெலிகாப்டர்கள் பள்ளத்தில் இறங்க அனுமதி இல்லை. வாலபாய் நிலத்தில் இறங்கலாம். ஆற்றில் சின்னப் படகுச் சவாரியும் சேர்த்து விற்கிறார்கள். முன்பதிவின்போது எல்லாருடைய எடையையும் கேட்பார்கள். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். அங்கே எடை பார்த்துத்தான் இருக்கை ஒதுக்குவார்கள். காற்று அதிகமானால் ஸ்கைவாக்கைப் போலவே இதுவும் ரத்தாகும், அதனால் பணம் திரும்பக் கிடைக்கும் விதிமுறையைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

கே: மனைவி கண்ணாடிமேல் ஏற மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அவருக்கும் ஸ்கைவாக் சீட்டு எடுக்க வேண்டுமா?

ப: வேண்டாம். அவருக்குப் பொது நுழைவு மட்டும் போதும். நீங்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் அவர் பேருந்தில் குவானோ பாயின்ட் போய் வந்துவிடலாம். திரும்ப எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பேசி லாக்கரில் இருக்கலாம்.